விரல் நீளத்தில் சிங்கப்பூர்

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்தான் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் தங்கை அமுதாவின் கணவர் செல்வம். "நாலே மணி நேரம் மச்சான். செங்கல்பட்டுல பஸ் ஏறினா திருவண்ணாமலை போய்ச் சேர்ற நேரம். இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே?" என்று போனில் கேட்டார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லாமே பக்கம்தான்.

நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். யார் என்ன தூரம் சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்புகிற வழக்கம் இல்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் உலக உருண்டையை மேசைமேல் வைத்து, நூலின் ஒரு முனையைச் சென்னையில் அழுத்திப் பிடித்து, வங்காள விரிகுடாவுக்கு மேலே இழுத்து, சிங்கப்பூரில் கொண்டுபோய் நிறுத்தினோம். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுப் பார்த்தால் நூல் என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருந்தது. உருண்டையின்மேல் நூலை இறுக்கிப் பிடித்தால் எது வருமோ அதுதான் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம், விமானமும் ஏறக்குறைய அப்படித்தான் பறக்கும் என்று பாடம் நடத்தினேன்.

"சார், நம்மூர்லேர்ந்து மீனம்பாக்கம் எவ்ளோ சார்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

பார்த்தேன். அது நூல் முடிச்சுக்குள்ளேயே அடங்கிவிட்டது. "அதெல்லாம் கணக்குலயே வராதும்மா" என்று சொல்லிவிட்டு நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த முடிச்சு என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். அமுதாவின் இரண்டாவது பிள்ளை கவினுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். கம்மலும் மாமன் கொண்டுவர வேண்டும். மூத்தவள் யாழினிக்குக் குத்தியபோது எனக்குப் பரீட்சை வேலை, கையில் பாஸ்போர்ட்டும் இல்லை. அவர்கள் அடுக்குமாடியிலேயே குடியிருக்கும் செல்வத்தின் நண்பர் துரைராஜ் எனக்குப் பதிலாக உட்கார்ந்தார். அன்றிலிருந்து யாழினிக்கு அவர்தான் மாமா. நான் 'போன் மாமா'. ஞாயிற்றுக்கிழமைகளில் அமுதா பேசும்போது, "யாரும்மா, போன் மாமாவா?" என்று பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கும். கேட்டுச் சிரிப்பேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வராது.

இந்த முறை அமுதா கறாராகச் சொல்லிவிட்டாள். "புதன்கிழமை காலைல ஒம்பதரைலேர்ந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம்ணா. நீ வரலைன்னா துரை அண்ணன் பட்டு வேட்டியோட ரெடியா இருக்காரு. மாமன் மடி காலியா இருக்கக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க."

பட்டு வேட்டியோடு ரெடியாக இருக்கும் அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவர்மேல் எனக்கு நல்ல கோபம் இருந்தது.

விமானம் செவ்வாய்க்கிழமை ராத்திரி. டிக்கெட்டைப் பார்த்ததும் என் மனைவி வசந்தி செய்த முதல் காரியம் காலண்டரைப் பார்த்தது.

"செவ்வாக்கெழமை வடக்கே சூலம். மீனம்பாக்கம் வடக்கதானே கீது?"

"சிங்கப்பூர் தென்கிழக்கே இருக்கு வசந்தி. விமானம் தென்கிழக்கேதான் போவும்."

"ஏரோப்ளேன் எங்கயோ போவட்டும். நீங்க வூட்டு வாசப்படி தாண்டி எந்தப் பக்கம் போறீங்க? அத்தச் சொல்லுங்க. அந்த ஏர்போர்ட்டுக்கு எதுத்தாப்புல ஸ்டேஷன் பேரு இன்னா? திரிசூலம். ஒண்ணுக்கு மூணா கீது!"

புவியியலில் இதற்குப் பதில் கிடையாது. ஆகவே பரஸ்தானம் என்று முடிவாயிற்று. பயண நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. பழைய வேட்டி துண்டை ஒரு பையில் போட்டு வைக்கலாம் என்றேன். வசந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "முக்கியமானது போனாத்தான் அது பரஸ்தானம். சாமியவா ஏமாத்துவீங்க?" என்று பாஸ்போர்ட், டிக்கெட், கம்மல் டப்பா மூன்றையும் ஒரு நீலக் கைப்பையில் வைத்துவிட்டாள். கம்மல் டப்பாவுக்குள் அந்த நூலையும் நான் போட்டு வைத்தேன், அங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று.

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கே இரண்டு வீடு தள்ளி ஸ்டெல்லாம்மா வீட்டுக்குப் போனோம். ஸ்டெல்லாம்மா ரிட்டையரான நர்ஸ். இந்தத் தெருவில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத ஆள் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பரஸ்தானம் என்றால் என்னவென்று வசந்தி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க ஜெபம் பண்ணி ஆள அனுப்புவோம். நீங்க பைய அனுப்புறீங்க. எப்டியோ போய்ச் சேந்தா சரி, குடு" என்று வாங்கி, இயேசு படத்துக்குக் கீழே வைத்தார்.

வசந்தி விடவில்லை. "அக்கா, இந்தப் பை திரும்ப எங்க வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. ஆள் இல்லாத வூட்ல தனியா இருக்கக் கூடாது. ராகு காலத்துல கை மாறக் கூடாது. பத்ரம்."

"நான் எத்தினி டாக்டருங்க சொன்னத செஞ்சவ. நீ சொன்னதச் செய்ய மாட்டனா?" என்றார் ஸ்டெல்லாம்மா. செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லப் போயிருந்தேன். வசந்தி கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் அவள் தம்பி குமார் காரோடு வந்தான். ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வடக்கே போவதற்குப் பரிகாரமாக ஒரு டம்ளர் பாலையும் குடித்துவிட்டுப் பையை வாங்கப் போனால், ஸ்டெல்லாம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. வசந்தி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

முனையில் துணி தேய்க்கும் முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நர்ஸம்மா காலைல பொண்ணு வூட்டுக்கு அணுபுரம் போச்சே சார். சம்மந்திங்கோ நாகர்கோயில்லேர்ந்து திடீர்னு வந்துகிறாங்களாம். உங்க பையத் தூக்கிகினுதான் போச்சு. 'பூட்டுன வூட்ல வுடக் கூடாதாம், அவங்க வூட்லயும் திருப்பிக் குடுக்கக் கூடாதாம், நான் இன்னா செய்வேன்? சார அணுபுரம் வந்து வாங்கினு போவச் சொல்லு'ன்னு சொல்லிச்சு. துன்னுட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

அவரைக் கோபித்து என்ன பயன்? சோறு ஆறிப்போகுமே என்று அவருக்கு. பாஸ்போர்ட் போய்விட்டதே என்று எனக்கு. மீனம்பாக்கம் வடக்கே, அணுபுரம் தென்கிழக்கே. நான் காரில் ஏறும்போது வசந்தி முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது. "பாத்தீங்களா? இப்ப வடக்கால போவல. சூலம் தப்பிச்சிது" என்றாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மலையைக் கண்டதும் குமாருக்குப் பேச்சு வந்துவிட்டது. தினமும் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் இந்த மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிடும். காசியில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரம் போகும் என்பார்கள். கொஞ்ச வருஷமாக அவை வருவதில்லை.

"காசிலேர்ந்து ராமேஸ்வரம் எவ்ளோ மாமா தூரம்?"

"ரொம்ப தூரம்டா."

"அத்த தெனிக்கும் பறந்துகினு, நடுவுல கரெக்டா சோத்து டைமுக்கு எறங்கிக்கீது பாரு. பையும் இல்ல, பாஸ்போட்டும் இல்ல, சூலமும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குமார் மலையடியில் காரை நிறுத்தி இரண்டு மசால் வடை வாங்கி வந்தான். பயத்திலும் வடை நன்றாகத்தான் இருந்தது.

அணுபுரம் அணுமின் நிலைய ஊழியர்களின் அமைதியான குடியிருப்பு. மரமும் நிழலும் வரிசை வீடுகளுமாக, செங்கல்பட்டின் சத்தம் ஒரு சொட்டு கிடையாது. வாசலில் விவரம் சொல்லி உள்ளே போய் வீட்டைக் கண்டுபிடித்தால் அங்கேயும் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தவரை இது: "எல்லாரும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போயிருக்கிறார்கள். பெரியம்மா ஒரு நீலப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார். கேமரா என்று நினைத்தேன்."

தலையில் கை வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலில் தேடினோம், இல்லை. ஐந்து ரதத்தில் தேடினோம், அங்கே யானைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கல் சிற்பம், சங்கு மாலை, "சார் வாங்க சார்" என்று கூப்பிடுகிறவர்கள், எல்லாரையும் இடித்துக்கொண்டு ஓடினேன். இந்த ஊருக்கு வாழ்நாளில் எத்தனையோ தடவை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்திருக்கிறேன். இவ்வளவு வேகமாகப் பார்த்து முடித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே புல்வெளியில் அவரைக் கண்டேன். சம்பந்தி வீட்டார் பாறையைத் தள்ளுகிற மாதிரி வரிசையாக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாம்மா மட்டும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் என் பை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் மனைவியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பாறை உருண்டு வந்தாலும் இந்த அம்மா பையை விட மாட்டார்."

"வந்துட்டியா வாத்யாரே! பாத்தியா, கண்ணு மாதிரி வெச்சிகினுகிறேன்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டினேன். ஸ்டெல்லாம்மா பையை இன்னும் இறுக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணு ஆயிடிச்சே. இன்னிக்கு மூணுலேர்ந்து நாலர ராகு காலம். கை மாறக் கூடாதுன்னு வசந்தி சொல்லிக்கீது."

"ஸ்டெல்லாம்மா, நீங்க கிறிஸ்தவங்க!"

"அதுக்கு? எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட வாக்கு குடுத்துட்டேன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் அவ மூஞ்சில முழிக்க வேணாமா?"

"ப்ளேன் போயிடும்மா" என்றான் குமார்.

"கை மாத்தத்தானேடா கூடாது? நான் தூக்கிகினு வரக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? வண்டிய எடு" என்று எழுந்து, சம்பந்திகளுக்குக் கையை ஆட்டிவிட்டு, அவர்கள் கொடுத்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் பாஸ்போர்ட் முன்னால் அவர் மடியில், நான் பின்னால்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் குமார் காரை விரட்டினான். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இந்தக் கடலைத்தான் நான் தாண்ட வேண்டும், நூலில் அது விரல் நீளம். கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னி ஏற்கெனவே பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தை நிதானமாகத் தேடினார். அந்த நிதானத்தைப் பார்த்தபோது, பட்டு வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் துரைராஜின் முகம் (பார்க்காத முகம்தான்) என் கண்முன் வந்தது.

கேளம்பாக்கம் தாண்டும்போது நாலரை கடந்துவிட்டது. "இப்பக் குடுங்க" என்றேன்.

"ஓடற வண்டிலயா? வாசல்ல குடுக்கறேன். ஒழுங்கா, நின்னு, ஜெபம் பண்ணிக் குடுக்கறேன்."

வண்டலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் லாரிகள், பஸ்கள், ஒரு வைக்கோல் வண்டி. கொஞ்ச நேரத்தில் செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயில் எங்கள் மூக்குக்கு நேரே போயிற்று. சன்னல் ஓரத்தில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டு எங்களைப் பார்த்தார். மத்தியானம் அதில் ஏறியிருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, திரிசூலத்தில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் விமான நிலையம்.

இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஸ்டெல்லாம்மா பைமேல் கை வைத்துக் கண்ணை மூடினார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அவர் அவசரப்படவில்லை, என் பெயர், தங்கை பெயர், குழந்தை பெயர் எல்லாம் சொல்லி ஜெபித்து, ஆமென் என்று பையை என் கையில் வைத்தார். கூடவே நேந்திரங்காய் வறுவலையும், தன் சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒரு பாலிதீன் பொட்டலத்தையும். "எறா ஊறுகா. பொண்ணு போட்டது. உன் தங்கச்சிக்குக் குடு" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்திருப்பேன், நேரம் இல்லை.

மூச்சிரைக்க உள்ளே ஓடிப் பலகையைப் பார்த்தேன். விமானம் தாமதம். எவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, தொழில்நுட்பக் காரணம் என்று பதில் சொன்னார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி, கொசு, நேந்திரங்காய் வறுவல். டெலிபோன் பூத்திலிருந்து செல்வத்துக்குப் பேசி, "நீங்க காத்துக்கிட்டிருக்காதீங்க, விசேஷத்தப் பாருங்க, நான் டாக்சி பிடிச்சு வந்துடறேன்" என்று வீரமாகச் சொன்னேன். வெகு நேரம் கழித்து ஒருவழியாக விமானம் கிளம்பியது.

பக்கத்து இருக்கையில் அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் எது எதற்கு என்று காட்டிக் கொடுத்தார். குளிர்ந்த பன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறால் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று யோசித்தேன். "வேணாம் அண்ணாத்த, பிளேன் முழுக்க வாசன வரும், அப்பறம் எல்லாரும் கேப்பாங்கோ" என்று தடுத்தார்.

"நாலு மணி நேரம்தானாமே?" என்றேன்.

"நாலு மணி நேரம்தான். லீவுதான் கெடைக்க மாட்டேங்குது. ரெண்டு வருசம் கழிச்சி இப்பதான் வூட்டப் பாத்துட்டு வரேன்" என்றவர், போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிப் போனார்.

இறங்கியபோது என் கடிகாரத்தில் காலை ஆறு. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. அப்பாடா என்று இருந்தது. விமான நிலையம் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல அவ்வளவு சுத்தம். கட்டடத்துக்குள்ளேயே டிரைவர் இல்லாமல் ஒரு குட்டி ரயில் ஓடியது. நேரம்தான் இருக்கிறதே என்று ஏறினேன். போய்ச் சேர்ந்த இடம் தெரியவில்லை என்று திரும்ப ஏறினேன். அப்புறம் முகம் கழுவி, கடையில் ஒரு காப்பி வாங்கினேன். கறுப்பாக, கெட்டியாக, அடியில் டப்பாப் பாலோடு வந்தது. வசந்தி போடுகிற காப்பிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. பாதி குடிக்கும்போது சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே கால்.

தீர்க்கரேகை மாறினால் நேரம் மாறும் என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்கிறேன். தவறாக எழுதியவர்களைப் பெஞ்சுமேல் நிற்க வைத்திருக்கிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது என்பதை, ராகு காலம், சூலம், முகூர்த்தம் எல்லாம் பார்த்துக் கிளம்பிய எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. வாத்தியாரும்தான்.

டாக்சி ஓட்டியவர் வயதான சீனர். அமுதா குடியிருக்கும் ஈசூன் பகுதிக்குப் போக வேண்டும், அவசரம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சாலையில் எழுதி வைத்த வேகத்தை முள் தாண்டாமல் ஓட்டினார். ஹாரன் என்று ஒன்று அந்த வண்டியில் இருந்ததா என்றே தெரியவில்லை. குமாரை நினைத்து ஏங்கினேன். "கல்யாணமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "காது குத்து. என் மடியில்தான் குத்த வேண்டும்" என்றேன். கண்ணாடியில் என் மடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஈசூனில் எல்லா அடுக்குமாடியும் ஒரே அச்சு. பக்கவாட்டில் பெரிதாக எண் எழுதியிருந்ததால் பிழைத்தேன். கீழ்த்தளம் சுவரில்லாமல் திறந்து கிடந்தது. அங்கே மாவிலைத் தோரணம், நாற்காலிகள், சாம்பார் வாசனை. பையோடு ஓடினேன்.

நடுவில் பாயில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கவின். எதிரே ஆசாரி ஊசியோடு. முடிந்தது என்று நினைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். அமுதா என்னைப் பார்த்து, "அண்ணா!" என்று கத்தினாள்.

பட்டு வேட்டிக்காரர் திரும்பிப் பார்த்து அப்படிச் சிரித்தார். "வாங்க, வாங்க! இன்னும் குத்தலீங்க. ஒம்பதரைக்கு நல்ல நேரத்துல புள்ளைய மடியில மட்டும் வாங்கி வச்சிக்கிட்டேன். பத்தரை வரைக்கும் பாப்பம், மாமன் வந்துருவாருன்னு ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். உங்க எடத்தப் புடிச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். மன்னார்குடிப் பக்கத்துக்காரராம்.

வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாம்மாதான் எனக்கு நினைவுக்கு வந்தார். நான் வந்து சேருவதற்காக என் பையை ஒருவர் மடியில் வைத்திருந்தார். என் மருமகனை இன்னொருவர் மடியில் வைத்திருக்கிறார். இத்தனை நாள் இந்த மனிதரையா கோபித்தேன் என்று வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து இடம் விட்டு, கவினை என் மடியில் வைத்தார்.

கவின் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அடுத்த நொடி அந்தக் கட்டடமே அதிர அலறினான். இரண்டு கையையும் துரைராஜை நோக்கி நீட்டினான். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துரைராஜ் எதிரே குந்தி உட்கார்ந்து, "மாமாடா, இது மாமாடா தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தார். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு காதிலும் கம்மல் ஏறியது. கவின் என் கட்டை விரலைக் கடித்து வைத்தான். அப்புறம் அழுத களைப்பில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்மேலேயே தூங்கிவிட்டான்.

சாப்பாடு முடிந்தது. இறால் ஊறுகாயை அமுதா யாருக்கும் காட்டாமல் உள்ளே வைத்தாள். தூங்கும் கவினை மடியில் வைத்துக்கொண்டு நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தபோது, பாவாடை சட்டையோடு ஒரு ஏழு வயதுக்காரி தூண் ஓரமாக வந்து நின்றாள்.

"நீங்கதான் போன் மாமாவா?"

"ஆமாம்மா."

"போன்ல நீங்க பெரிசா இருப்பீங்க." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். "உங்க ஊரு ரொம்ப தூரமா?"

கம்மல் டப்பாவைத் திறந்து நூலை எடுத்தேன். "இந்த முடிச்சு எங்க ஊரு. இந்த முடிச்சு உங்க ஊரு. நடுவுல இருக்கறது கடல்."

யாழினி வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தாள். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான். நாலு மணி நேரம்."

"அப்போ எனக்குக் காது குத்தும்போது ஏன் வரல?"

பரீட்சை என்று சொல்ல வாயெடுத்தேன். பாஸ்போர்ட் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் விட்டுவிட்டேன். நூலின் இந்தப் பக்கத்து முனையைத் தொட்டுக் காட்டி, "இந்த முடிச்சுக்குள்ள மாட்டிக்கிட்டேம்மா" என்றேன்.

அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில், முழங்கால் முழங்காலில் இடிக்க உட்கார்ந்து, சின்ன நகத்தால் முடிச்சை நெம்ப ஆரம்பித்தாள்.

"இருங்க மாமா," என்றாள், "பிரிச்சுடறேன்."